வீட்டுக்கு வரும் டயட் சாப்பாட்டுத் திட்டங்கள்: எடை குறைகிறது, சரி, அப்புறம்?

நிறைகோல் எழுதியது:

மூன்று வேளைச் சாப்பாட்டையும் அளந்து சமைத்து, பெட்டி பெட்டியாக வாசலில் கொண்டுவந்து வைக்கும் டயட் திட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எடை குறைக்க நினைக்கும் பலர் இப்போது முதலில் தேடுவதே இதைத்தான். எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. காரணங்களைச் சொல்கிறேன். மறுக்க வேண்டியதை மறுத்து எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியில் வருவதை மட்டும் சாப்பிட்டு வேறு எதையும் தொடாமல் இருந்தால் எடை குறையும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல திட்டங்கள் நாளுக்கு 1200 முதல் 1500 கலோரி அளவில் நிற்கின்றன. பெரியவர்களில் பெரும்பாலோரின் உடல் அதைவிட அதிகமாகச் செலவழிக்கிறது. பற்றாக்குறையை உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். "கொழுப்பை எரிக்கும் கலவை", "நச்சை வெளியேற்றும் சூப்" என்று மேலே ஒட்டுகிற வாசகங்களுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

என் சந்தேகம் விளம்பரம் காட்டுகிற காலத்தைப் பற்றியது. "முதல் வாரத்திலேயே இத்தனை கிலோ" என்கிறார்கள். எந்த டயட்டில் இருந்தாலும் முதல் வாரத்தில் எடை வேகமாகத்தான் இறங்கும். சாப்பாடு குறைந்ததும், குறிப்பாக மாவுச்சத்து குறைந்ததும், கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு செலவாகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சேர்ந்து வெளியேறுகிறது. பழையபடி சாப்பிடத் தொடங்கினால் சில நாளில் அந்தத் தண்ணீர் திரும்பிவிடும். அதைக் கொழுப்புக் கணக்கில் சேர்த்துக் காட்டுவது நேர்மையில்லை.

நீண்ட காலக் கணக்கு எப்படி இருக்கிறது? 2015இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. வணிக எடைக்குறைப்புத் திட்டங்களைப் பற்றிய 45 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளை அடிப்படையாகக் கொண்ட ஜென்னி கிரெய்க் திட்டத்தில் இருந்தவர்கள், ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட, 12 மாத முடிவில் 4.9 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். 90 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 கிலோ சொச்சம். அதேபோலச் சாப்பாடு அனுப்பும் நியூட்ரிசிஸ்டம் திட்டத்துக்கு 3 மாத முடிவில் 3.8 சதவீதம்; அதற்குப் பிந்தைய காலத்துக்குப் போதுமான ஆய்வே இல்லை. இந்த எண்கள் மோசமானவை என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவ ரீதியாக 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியும். ஆனால் விளம்பரத்தில் உடை தொளதொளவென்று தொங்க நிற்பவரைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர், 4 கிலோ சொச்சத்துக்காகக் கட்டுகிறோம் என்று நினைத்துக் கட்டுவதில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

நிறைகோல் ஐயா, நீங்கள் சொன்ன எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் எல்லாரும் விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் என்ற தொனி வருகிறது, அதை ஏற்க மாட்டேன்.

நான் இரவுப் பணி பார்க்கிறேன். வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர் ஒருவரையும் கவனித்துக்கொள்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில் என்ன சமைப்பது, எவ்வளவு சாப்பிடுவது என்று யோசிக்கும் தெம்பு இருக்காது. கைக்குக் கிடைத்ததைச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். பெட்டி வந்த காலத்தில் அந்த யோசனையே இல்லாமல் போனது. திறந்தேன், சூடு செய்தேன், சாப்பிட்டேன். எடையும் குறைந்தது, இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மருத்துவர் குறைத்தார். இதை யாராவது "வெறும் கலோரிக் கணக்கு" என்று தள்ளிவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கலோரிக் கணக்குத்தான், ஆனால் அந்தக் கணக்கை எனக்காக இன்னொருவர் போட்டுத் தந்தார். அந்த நேரத்தில் அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

---

பசிக்கணக்கு எழுதியது:

இரவுப்பணி அக்கா சொல்வது முக்கியமான விஷயம். மனிதர்கள் தாங்கள் சாப்பிடுவதைக் கணக்கு வைப்பதில் எவ்வளவு பலவீனமானவர்கள் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு அது. "1200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை குறையவில்லை" என்று சொன்னவர்களின் உண்மையான உட்கொள்ளலை அளந்து பார்த்தார்கள். சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, ஊற்றிய எண்ணெய் எதுவும் நினைவில் தங்குவதில்லை. பெட்டி அந்த ஓட்டையை அடைக்கிறது. அதனால்தான் வேலை செய்கிறது.

ஆனால் அந்த வேலையைச் செய்ய பெட்டியேதான் வேண்டுமா? இதற்கு 1996இல் ஒரு ஆய்வு நேரடியாகவே பதில் தேடியது. சாப்பாட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எடை கூடுதலாக இருந்த 163 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். நான்குக்கும் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவதற்கான வழக்கமான நடத்தைப் பயிற்சி உண்டு, வாராவாரம் கூடிப் பேசுவது உட்பட. முதல் குழுவுக்கு அதோடு சரி. இரண்டாவது குழுவுக்கு, எந்த வேளை எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற திட்டத்தையும், அதற்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலையும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதே திட்டத்தின்படி சாப்பாட்டையும் பெற்றது, செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு. நான்காவது குழுவுக்குச் சாப்பாடு முழுவதும் இலவசம்.

ஆறு மாத முடிவில் பின்னால் உள்ள மூன்று குழுக்களும் முதல் குழுவைவிட நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் அந்த மூன்றுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. பட்டியல் மட்டும் வாங்கியவர்களும், சாப்பாட்டையே இலவசமாக வாங்கியவர்களும் ஒரே மாதிரிதான் குறைந்தார்கள். அதாவது பலன் தந்தது திட்டத்தில் இருந்த ஒழுங்கு. சாப்பாடு கைக்கு வந்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. ஒரு வருஷம் கழித்து அவர்களை மறுபடி எடை பார்த்தபோது, எல்லாக் குழுவிலும் குறைந்ததில் கணிசமான பங்கு திரும்பியிருந்தது. சாப்பாடு கொடுத்த குழு அதிலும் தப்பவில்லை.

---

வெயில்மரம் எழுதியது:

பட்டியல் போதும் என்றால், பட்டியல்படி சமைக்க ஆளும் நேரமும் வேண்டுமே?

---

பசிக்கணக்கு எழுதியது:

வேண்டும்தான். அதனால்தான் சமைக்க முடிகிறவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் பதில் வேறு வேறு என்கிறேன். சமைக்க முடியாதவருக்குப் பெட்டி நியாயமான வசதி. சமைக்க முடிகிறவர் அதற்காகத் தொடர்ந்து பணம் கட்ட என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

---

நிறைகோல் எழுதியது:

இரவுப்பணி அக்கா, உங்களுக்குப் பயன்பட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வாங்குகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விற்கிறவர்கள் சான்றுகளைக் காட்டும் விதத்தில்தான் குறை.

இந்தத் துறை பெருமையாகக் காட்டும் சான்றுகளில் முக்கியமானது 2010இல் ஜாமா இதழில் வந்த இரண்டு வருஷ ஆய்வு. 442 பெண்கள். ஜென்னி கிரெய்க் திட்டத்தில், மையத்துக்கு நேரில் போய் ஆலோசனை பெற்றவர்கள் இரண்டு வருஷ முடிவில் சராசரியாக 7.4 கிலோ குறைந்திருந்தார்கள். தொலைபேசி வழியாக ஆலோசனை பெற்றவர்கள் 6.2 கிலோ. வழக்கமான பொதுவான ஆலோசனை மட்டும் கிடைத்தவர்கள் 2 கிலோ. மிக நல்ல முடிவு. ஆய்வும் ஒழுங்காகத்தான் நடந்தது, முக்கால்வாசிக்கும் மேல் ஆட்கள் கடைசிவரை இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பெண்களுக்குச் சாப்பாடு இலவசம். ஆலோசனையும் இலவசம். ஆய்வுக்கான பணத்தைக் கொடுத்தது அதே நிறுவனம். தன் கையிலிருந்து பணம் கட்டுகிற ஒருவர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார் என்பதை இந்த ஆய்வு அளக்கவே இல்லை. வீட்டுச் செலவில் நெருக்கடி வந்தால் முதலில் நிற்கப் போவது சந்தாதானே?

அதோடு, அந்தப் பெண்கள் பெற்றது வெறும் பெட்டி இல்லை. வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து அவர்களோடு பேசினார். எங்கே சறுக்கியது, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று கேட்டார். படிப்படியாக வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறவும் பழக்கினார்கள். இன்று ஒரு செயலியில் பணம் கட்டினால் பெட்டி வருகிறது, பேச ஆள் வருவதில்லை. அந்த நிறுவனமே 2023 மே மாதம் அமெரிக்காவில் தன் மையங்களை மூடியது. பிறகு வேறொரு உரிமையாளரின் கீழ் வீட்டுக்கு டெலிவரி செய்யும் வடிவில் திரும்பி வந்தது. ஆலோசனையோடு சேர்த்துப் பெற்ற முடிவைக் காட்டி, பெட்டியை மட்டும் விற்பவர்களிடம் "உங்கள் முடிவு எங்கே" என்று கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

---

கடைசிச்சந்தா எழுதியது:

எல்லாரும் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை வந்தது சந்தாவில்.

ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அறிமுகச் சலுகை என்று முதல் வாரத்தைப் பாதி விலைக்கும் கீழே கொடுத்தார்கள். சேர்வதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நிறுத்தப் போனால் செயலியில் அதற்கு வழியே இல்லை. வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அதுவும் வேலை நேரத்தில். எடுத்தவர் நிறுத்தாமல் இன்னொரு சலுகையைச் சொன்னார். வேண்டாம் என்றேன். "அடுத்த பெட்டி ஏற்கெனவே தயாராகிவிட்டது, இந்த முறைக்குப் பணம் திரும்பாது" என்றார். அதற்கு அடுத்த முறையும் பணம் பிடித்தார்கள். வங்கியில் சொல்லி அட்டையையே மாற்றிய பிறகுதான் நின்றது. சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அந்த மனிதர்கள் என்னை நடத்திய விதம்தான் இன்னும் கசக்கிறது.

---

நிறைகோல் எழுதியது:

வருத்தமாக இருக்கிறது நண்பரே. இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. எடைக்குறைப்பு சந்தாக்களில் தானாகப் புதுப்பிக்கும் முறையைப் பற்றி வழக்குகளே நடந்திருக்கின்றன. நூம் என்ற செயலி, சாப்பாடு அனுப்புவதில்லை, ஆனால் அதே துறைதான். சோதனைக் காலம் முடிந்ததும் தானாகப் பணம் பிடித்தது பற்றிய கூட்டு வழக்கை 2022இல் ரொக்கமும் சந்தா வரவுமாகச் சேர்த்து 6.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்து முடித்துக்கொண்டது.

சேரும் முன்பே, நிறுத்துவது எப்படி என்ற பக்கத்தைத் தேடிப் படியுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அடுத்த பெட்டியை நிறுத்தக் கடைசி நேரம் எது, அதை எங்கே எழுதியிருக்கிறார்கள், செயலியிலேயே நிறுத்த முடியுமா, நிறுத்தியதற்கு எழுத்தில் உறுதி தருவார்களா. இந்தத் தகவல் சுலபமாகக் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே விலகிவிடலாம்.

---

தட்டும்தராசும் எழுதியது:

நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தத் திட்டங்களை முடித்துவிட்டு வருகிறவர்களைத் தொடர்ந்து சந்திக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடை குறைந்த உடல், குறைவதற்கு முன் இருந்த உடல் இல்லை. 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களின் பசி சார்ந்த ஹார்மோன்களை அளந்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் கூடியிருந்தது, நிறைவைச் சொல்லும் லெப்டின் போன்றவை குறைந்திருந்தன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவை முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்கள் சொன்ன பசியும் கூடுதலாகவே இருந்தது. எடை குறைந்ததால் உடல் செலவழிக்கும் கலோரியும் குறைந்துவிடுகிறது. ஆகவே பெட்டி நின்ற அன்று ஒருவர் முன்பைவிட அதிகப் பசியோடும், முன்பைவிடக் குறைந்த தேவையோடும் தன் பழைய சமையலறைக்குள் நுழைகிறார். அங்கே எதுவும் மாறியிருக்காது. அளவு பார்க்க அவர் கற்றிருக்க மாட்டார், ஏனென்றால் அந்தக் காலம் முழுதும் அளவை வேறு யாரோ பார்த்தார்கள். எடை திரும்பும்போது என்னிடம் வந்து "எனக்கு மன உறுதி இல்லை" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும், அவர்கள் மேல் இல்லை. கற்றுத் தராமல் அனுப்பிவிட்டு, திரும்பி வந்தால் மறுபடி சந்தா விற்கலாம் என்று காத்திருக்கும் ஏற்பாட்டின் மேல்தான்.

இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. டைரெக்ட் என்ற பிரிட்டன் ஆய்வு, 2017இல் லான்செட் இதழில் வந்தது. வகை 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி தரும் மாற்று உணவை மட்டும் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம் செய்தது என்ன என்று பாருங்கள்: 2 முதல் 8 வாரம் வரை எடுத்து, வழக்கமான சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு மாதாமாதம் சந்தித்தார்கள். எடை ஏறத் தொடங்கினால் உடனே கவனித்துச் சரிசெய்ய வழி வைத்திருந்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4 சதவீதம். இரண்டாவது வருஷ முடிவில் 46 என்பது 36ஆக இறங்கியது, ஆனாலும் பெரிய விஷயம்.

ஆக, தயாராக வரும் உணவு என்ற கருவியே தவறு என்று சொல்ல மாட்டேன். வெளியே வரும் வழியைச் சேர்த்துத் திட்டமிட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறேன். வணிகத் திட்டம் ஒன்றைப் பற்றி யாராவது என்னைக் கேட்டால், "இதை நிறுத்தும் மாதத்தில் உங்களுக்கு என்ன செய்வார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்" என்பேன். இதுவரை என்னிடம் வந்தவர்களில் யாருக்கும் அதற்குத் தெளிவான பதில் கிடைத்ததாக அவர்கள் சொல்லவில்லை.

---

வெயில்மரம் எழுதியது:

பெட்டியின் மேல் போட்டிருக்கும் கலோரி எண்ணை நம்பலாமா?

---

பசிக்கணக்கு எழுதியது:

ஏறக்குறைய நம்பலாம், அட்சரசுத்தமாக நம்பக் கூடாது. 2010இல் அமெரிக்காவில், கடையில் வாங்கிய உறைந்த தயார் உணவுகளைச் சோதனைக்கூடத்தில் அளந்தபோது, லேபிளில் இருந்ததைவிடச் சராசரியாக 8 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணவகங்கள் சொன்ன எண்ணைவிட அவர்கள் பரிமாறியதில் 18 சதவீதம் கூடுதல். அங்குள்ள விதியே லேபிள் எண்ணைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்கிறது. நாளுக்கு 1400 கலோரி என்று நினைப்பவருக்கு 8 சதவீதம் என்பது 110 கலோரி சொச்சம். தினமும் சேர்ந்தால் சின்ன விஷயமில்லை. இருந்தாலும் நாமே கண்ணளவில் போடும் கணக்கைவிட இது எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது.

கலோரி எண்ணைவிட நான் கூர்ந்து பார்ப்பது சோடியம். ருசிக்காகவும் கெடாமல் இருக்கவும் தயார் உணவில் உப்பைக் கூட்டுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்கச் சொல்கிறது, அதாவது 5 கிராம் உப்புக்குள். மூன்று பெட்டியின் லேபிளையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம் புரதமும் நார்ச்சத்தும். கலோரியைக் குறைத்ததோடு இவற்றையும் குறைத்துவிட்டால் பசி தாங்காது, கொழுப்போடு தசையும் கரையும்.

---

தட்டும்தராசும் எழுதியது:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வாரம் அதிகமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவு. பரிமாறிய உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். டயட் பெட்டியில் அளவு பூட்டப்பட்டிருப்பதால் இந்த விளைவு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்தச் சுவைக்கும் மென்மைக்கும் பழகிய நாக்கு, பூட்டு திறந்ததும் எதைத் தேடும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெட்டி எடுக்கிறீர்கள் என்றால், மெல்ல வேண்டிய உணவாக, காய்கறி காய்கறியாகவே தெரிகிற உணவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

தட்டும்தராசும், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றியது. எனக்கு எடை திரும்பாததற்குக் காரணம், பெட்டிகளை ஒரேயடியாக நிறுத்தவில்லை. வேலை முடிந்து வரும் வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேளைகளை என் சமையலுக்கு மாற்றினேன். பெட்டியில் எவ்வளவு வருகிறது என்பதைத் தட்டில் கொட்டிப் பார்த்து, அதே அளவில் என் சமையலை வைத்துக்கொண்டேன். நிறுவனம் இதைச் சொல்லித் தரவில்லை. பணத்தை மிச்சம் பிடிக்கச் செய்தது, பழக்கமாகிவிட்டது.

---

தட்டும்தராசும் எழுதியது:

இதைத்தான் நான் என்னிடம் வருகிறவர்களுக்குக் கற்றுத் தர முயல்கிறேன் அக்கா. ஒரு வேளையை மட்டும் பெட்டிக்கு விட்டுவிட்டு மற்றதைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. பெட்டியை அளவு கற்கும் பாடமாக எடுத்துக்கொண்டால் கட்டிய பணத்துக்கு ஏதோ மிஞ்சும்.

---

கடைசிச்சந்தா எழுதியது:

விளம்பரத்தில் "முன், பின்" படம் போடுவதை யாருமே தட்டிக் கேட்பதில்லையா?

---

நிறைகோல் எழுதியது:

கேட்டிருக்கிறார்கள், பலமுறை. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1993இல் ஐந்து பெரிய எடைக்குறைப்பு நிறுவனங்கள் மேல் ஒரே சமயத்தில் நடவடிக்கை எடுத்தது. வாடிக்கையாளர்கள் எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள் என்ற விளம்பர வாக்குக்கு ஆதாரம் இல்லை என்பது குற்றச்சாட்டின் மையம். சிலர் உடனே சமரசத்துக்கு வந்தார்கள். ஜென்னி கிரெய்கும் வெயிட் வாட்சர்ஸும் 1997இல் வந்தார்கள்.

அதற்குப் பிறகும் பல காலம், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் "இது வழக்கமான முடிவு அல்ல" என்று போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடிந்தது. 2009இல் அந்த ஆணையம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. அசாதாரணமான ஒருவரைக் காட்டினால், சாதாரணமாக என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. நல்ல மாற்றம். ஆனால் இன்று விளம்பரம் செய்வது நிறுவனம் மட்டுமில்லை. பணமோ இலவசப் பெட்டியோ வாங்கிக்கொண்டு, தன் சொந்த அனுபவம்போலக் காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிற இளம் வயதினருக்கு அது விளம்பரம் என்றே தெரிவதில்லை. எனக்கு இதில்தான் மிகுந்த கவலை. உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு பிள்ளை 1200 கலோரிப் பெட்டிக்கு ஆசைப்படுவதை நினைத்தாலே பதறுகிறது.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

இழை முழுவதும் படித்தேன். ஒரு அவசரக் கேள்வி. அம்மாவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. இன்சுலின் போடுகிறார், இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. தம்பி ஆசைப்பட்டு அவருக்கு ஒரு டயட் பெட்டித் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டான். அடுத்த வாரம் தொடங்குகிறது. நாளுக்கு 1000 கலோரி என்று போட்டிருக்கிறது. சேரும்போது வயது, உயரம், எடை மட்டும் கேட்டார்களாம், மருந்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தொடங்கலாமா?

---

தட்டும்தராசும் எழுதியது:

மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம்.

இன்சுலின் அளவு இப்போது அவர் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கிறது. சாப்பாடு சட்டென்று குறைந்து இன்சுலின் அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. இரத்த அழுத்த மாத்திரையோடு சாப்பாடும் உப்பும் ஒரேயடியாகக் குறைந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். நான் மேலே சொன்ன டைரெக்ட் ஆய்வில் இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மற்றவர்களுக்கும் மாற்று உணவைத் தொடங்கும் நாளிலேயே சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை நிறுத்தி, கண்காணித்தபடிதான் செய்தார்கள். அது அவர்கள் முடிவு, மருத்துவர்களோடு. வீட்டில் நாமாக மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

சிறுநீரகப் பரிசோதனை முடிவு இருந்தால் அதையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். புரதம் கூடுதலான பெட்டி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பித்தப்பைக் கல் முன்பு இருந்ததா என்றும் கேட்டு வையுங்கள், எடை வேகமாகக் குறையும்போது கல் உருவாகும் வாய்ப்பு கூடும். அந்த வயதில் தசை கரைவதும் சாதாரண விஷயமில்லை.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் 1000 கலோரியைக் கையில் கொடுக்கிற நிறுவனத்தைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தம்பியிடம் கோபப்படாதீர்கள், அக்கறையில்தான் செய்திருக்கிறார்.

---

கடைசிச்சந்தா எழுதியது:

மருந்துச்சீட்டு, முதல் பெட்டி கிளம்பும் முன் தள்ளிவைக்கவோ நிறுத்தவோ கடைசி நேரம் எது என்று இன்றைக்கே பாருங்கள். தொலைபேசியில் பேசினாலும் அதையே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். "மருத்துவர் அனுமதி வரும்வரை அனுப்ப வேண்டாம்" என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், தள்ளிவைத்ததாகப் பதிலும் வந்துவிட்டது. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். பெட்டியின் லேபிள் விவரங்களையும், அம்மா இப்போது தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று தம்பி எழுதிவைத்ததையும் கொண்டுபோகிறோம். வந்து எழுதுகிறேன்.